நான் பொறுக்கி எறிந்த மஞ்சள் அரிசி

சாமிக்குப் படைக்கிற அரிசியைப் பார்த்துப் பொறுக்காமல் உலையில் போடுகிறவர்களை நான் இன்றைக்கும் மதிப்பதில்லை. இதைச் சொல்லிவிட்டே கதைக்கு வருகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

தொண்ணூறுகளில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த சான்ட்ரிங்ஹாமில், எங்கள் வீட்டுப் பின்னறையில் நீமா என்ற தான்சானியப் பெண் வாடகைக்கு இருந்தாள். சின்ன மகனை ஊரில் தாயிடம் விட்டுவிட்டு, உணவுத் தொழில்நுட்பம் படிக்க வந்தவள். மாவில் இரும்புச் சத்தும் விற்றமினும் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி மணிபோலப் பிழிந்து, சாதாரண அரிசியோடு கலப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அவளுடைய நாட்டில் பிள்ளைகளுக்கு இரத்தம் காணாதாம், சோகையாம். (இந்த விபரமெல்லாம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. அப்போது தெரிந்தது, ஏதோ ஆபிரிக்காவுக்கு அனுப்புகிற அரிசி என்பது மட்டும்.) வீட்டு அடுப்பில் சமைத்த சோற்றைப் பேராசிரியர் பார்த்துச் சரி என்றால், கிறிஸ்மஸுக்கு அவள் மகனிடம் போய்விடலாம்.

"வழக்கமா சமைக்கிற மாதிரியே சமையுங்கள், ஆன்ட்டி" என்று ஒரு வெள்ளிக்கிழமை காலை அந்த அரிசிப் பையைத் தந்துவிட்டுப் போனாள்.

சுளகில் கொட்டினால், வெள்ளை அரிசிக்குள் மஞ்சள் மஞ்சளாக மணிகள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இஞ்சருங்கோ, அநியாயத்தைப் பாருங்கோ. ஏழைச் சனமெண்டால் பழுதான அரிசியோ அனுப்புறது?"

என் கணவர் பேப்பரை இறக்கவில்லை. "அந்தப் பிள்ளையிட்ட ஒருக்காக் கேளுமன்."

"கேக்க என்ன கிடக்கு? எனக்குக் கண்ணில்லையோ?"

முருகா முருகா என்றபடி ஒரு மஞ்சள் மணி மிஞ்சாமல் பொறுக்கிப் பின்வளவுக் குருவிகளுக்கு வீசினேன். தண்ணீர் தெளியும்வரை கழுவி, சமைத்து, சாமிக்கும் படைத்தேன்.

மத்தியானம் நீமாவோடு வந்த பேராசிரியர் கரண்டியால் சோற்றைக் கிளறிக் கிளறித் தேடினார். நீமா பானைக்குள் எட்டிப் பார்த்தாள். "மஞ்சள் மணிகள் எங்கே, ஆன்ட்டி?"

நான் அவளை விட்டுவிட்டு அவரைப் பிடித்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில், "சேர், பழுதான அரிசியை அனுப்ப உங்களுக்கு வெட்கமில்லையா?" என்று கேட்டேன்.

அவர் நீமாவிடம் திரும்பினார். "உங்கள் ஊரிலும் இப்படிப் பொறுக்குவார்களா?"

அவள் இல்லை என்று பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். "என் அம்மாவும் பொறுக்குவார்" என்றாள்.

யாரும் பொறுக்கி எறியாதபடி அந்த மணியை வெள்ளையாக்க அவளுக்கு இன்னொரு வருடம் பிடித்தது. அந்தக் கிறிஸ்மஸுக்கு அவள் எங்கள் வீட்டு டெலிபோனில் மகனோடு கதைத்து அழுததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் நான் கேட்கிறேன், இவ்வளவு படித்தவர்களில் ஒருவருக்காவது பெண்கள் அரிசி பொறுக்குவார்கள் என்று தோன்றவில்லையா?

இப்போது அந்த மகன் வளர்ந்துவிட்டான். வருடப் பிறப்புக்கு நான் போனில் அழைத்தால் முதலில் அவன்தான் எடுப்பான்.

"ஆன்ட்டி, இன்றைக்கு எதைப் பொறுக்கி எறிந்தீர்கள்?"

"போனை அம்மாவிடம் கொடு" என்பேன்.