மணிக்கட்டில் ஒரு சாட்சி

கிள்ளான் நகரத்து மூசா கடையில், காகிதமாய் மெலிந்த மொறுமொறு ரொட்டி தீசு வந்து மேசைமேல் கோபுரமாக நின்ற பிறகுதான் கமலநாதனுக்குத் தன் வலது கை ஞாபகம் வந்தது.

மணிக்கட்டில் கறுப்புப் பட்டை. மகள் விஷ்ணுப்ரியா பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காக அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஆளுக்கொன்று கட்டிவிட்டிருந்தாள்.

"விரல் எதைத் தொட்டாலும் ஒரு அதிர்வு கெளம்பும்பா. தோல் வழியா மணிக்கட்டு வரைக்கும் ஓடும். பட்டை அதைப் பிடிச்சிரும். தொட்டது கிளாஸா, துணியா, முறுக்கான்னு கம்ப்யூட்டர் சொல்லிரும்."

"கழட்டி வச்சிட்டா?"

"கழட்டுனதும் தெரியும்."

நல்ல பிள்ளையைப் பெற்றார்! போன வாரம்தான் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் இனிப்பு நீர் என்று டாக்டர் சொல்ல, இனி சீனியே சாப்பிடுவதில்லை என்று இருவரும் மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தார்கள். உஷாராணி கணீரென்று செய்தாள். இவர் முணுமுணுத்தார். இன்று மாலை அந்த மகளே கம்ப்யூட்டரைத் திறந்து, 'அப்பா, ரொட்டி தீசு' என்று படித்தால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஆனால் ரொட்டியின் உச்சியிலிருந்து சீனியோடு கெட்டிப்பால் வழிந்துகொண்டிருந்தது. அவரும் மனிதர்தானே.

இடது கையை நீட்டினார். ஒரு துண்டை ஒடித்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் அடுத்த மேசை ஆன்டி முகத்தைச் சுளித்தார்.

"ஏன்யா, பீச்சாங்கையிலயா சாப்புடுற?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கோயில் தலைவர் கார்த்திகேசு.

"இல்லண்ணே... வலது கை கொஞ்சம் வரல."

"வரலையா? எங்க, சிரி பாப்போம்!"

கமலநாதன் சிரித்தார். பொய் சொன்ன வாயில் சிரிப்பு ஒழுங்காக வருமா? ஒரு பக்கமாகத்தான் வந்தது.

"ஐயோ, ஸ்ட்ரோக்!"

கார்த்திகேசு வலது கையைப் பிடித்து விரல் விரலாகச் சொடக்கு எடுத்தார். உள்ளங்கையில் படபடவென்று தட்டினார். தோள்வரை உதறினார். பட்டைக்குள் பூகம்பமே பதிவாகியிருக்கும்.

"விடுங்கண்ணே, நல்லாயிருச்சு!"

நிரூபிக்க வேண்டுமே. வலது கையில் முள்கரண்டியை எடுத்து ரொட்டியைக் குத்தினார். அது மொறுமொறுவென்று நொறுங்க, அந்த அதிர்வு கரண்டி வழியாக விரலில் ஏறி மணிக்கட்டுவரை ஓடியது அவருக்கே தெரிந்தது. பதறிப்போய்க் கரண்டியைக் கீழே போட்டார்.

"பாத்தியா, கரண்டிகூட நிக்கல!" கார்த்திகேசு போனை எடுத்துவிட்டார். "தங்கச்சி, மூசா கடைக்கு ஓடி வாம்மா. கமலநாதனுக்குக் கை விழுந்துருச்சு!"

சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகத் தன் காடியை ஓட்டிவர ஓடினார்.

வீடு அடுத்த தெருதான். உஷாராணி இதோ வந்துவிடுவாள். கமலநாதன் ரொட்டியைப் பார்த்தார். இவ்வளவு பாடுபட்டும் ஒரு வாய் உள்ளே போகவில்லை. இடது கையை நீட்டலாமென்றால் அடுத்த மேசை ஆன்டி இன்னும் முறைத்துக்கொண்டிருந்தார்.

"மூசா, நீயே ஊட்டி விடுடா!"

"அண்ணே, நான் கடை நடத்துறதா, உங்களுக்கு ஊட்டுறதா லா?"

"கை தொட்டாத்தான் மாட்டுவேன். வாய்ல பட்டை கட்டல. சீக்கிரம்!"

மூசா தலையில் அடித்துக்கொண்டு ஊட்டினார். சீனி நாக்கில் கரைந்தது. கமலநாதன் சுகமாகக் கண்ணை மூடினார். திறந்தபோது எதிரே உஷாராணி நின்றாள்.

அழுத கண்ணோடு ஓடிவந்திருந்தாள். புருஷனுடைய மீசையில் கெட்டிப்பாலைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது.

"மக தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணீங்களே! பெத்த பிள்ளைய நெனச்சாச்சும் வாயைக் கட்ட முடியலையா? நான் கட்டல?"

கமலநாதனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பெற்ற மகளை ஏமாற்றப் பார்த்தோமே என்று நிஜமாகவே மனசு வலித்தது.

"தப்புதான் உஷா. உன் வைராக்கியம் எனக்கு வராது."

அப்போது மூசாவின் மனைவி முத்து பீவி கையைத் துடைத்தபடி சமையற்கட்டிலிருந்து வந்தாள். உஷாராணியைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"வாங்கக்கா, உக்காருங்க! காலைல மாதிரியே நானே ஊட்டி விடுறேன். ஆனா இந்தத் தடவை விரலைக் கடிச்சிடாதீங்க லா."