நாலரை மணிச் சந்திரன்

சந்திரனுக்காக நான் என் வாழ்க்கையில் ஒரேயொரு முறைதான் பொய் சொல்லியிருக்கிறேன். மூன்று முறை என்று வீட்டில் திருத்துகிறார்கள். எண்ணிக்கை சரிதான். ஆனால் மூன்றும் ஒரே பின்னேரத்தில், ஒரே இடத்தில் நின்று சொன்னவை. ஆகவே அவற்றை ஒன்றாகத்தான் எடுக்க வேண்டும் என்பது என் வாதம். இதுவரை யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சொந்த இடம் நெடுங்கேணி, வேலை நில அளவையாளர். எங்கள் பக்கத்தில் 'சேவையர்' என்பார்கள். காணி எல்லையை அங்குலம் பிசகாமல் அளக்கிறவனுக்கு வானத்தையும் அளக்கலாம் என்ற எண்ணம் எப்படியோ வந்துவிட்டது. (உத்தியோகம் புதிது. தலைக்கனம் அதைவிடப் புதிது.) அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு பெரிய காகித மட்டையில் 'இந்த வருட வானம்' என்று தலைப்பிட்டு, எந்த மாதத்தில் எதைப் பார்க்கலாம் என்று கலர் பேனையால் எழுதி அறைச் சுவரில் ஒட்டினேன்.

அந்த மட்டை எனக்குத் தந்த மானக்கேடு கொஞ்சநஞ்சமல்ல. சித்திரையில் வெள்ளியும் வியாழனும் விடியற்காலையில் ஒட்டிக்கொண்டு நிற்கும் என்று எழுதியிருந்தேன். அவை நின்றன, நான் எழும்பவில்லை. ஆடியில் எரிகற்கள் கொட்டும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தேன். அன்றைக்கென்று முழு நிலவு, ஒரு கல்லும் கண்ணில் படவில்லை. ஐப்பசித் தொடக்கத்தில் சூரிய கிரகணம், அன்று மழை. மிஞ்சியது ஒன்றே ஒன்றுதான். ஐப்பசிப் பறுவத்தன்று, அதாவது முழுநிலவு நாளில், முழுச் சந்திர கிரகணம்.

இந்த இடத்தில் றெஜினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காணி உறுதிப் பத்திரங்கள் பார்க்க நான் போகும் அலுவலகத்தில் அவர் எழுதுவினைஞர். கலியாணம் செய்வதென்று நாங்கள் இருவரும் முடிவெடுத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. என் வீட்டில் மறுப்பில்லை. அவர் வீட்டில் தகப்பன் சூசை ஐயா ஒருவர்தான் தடை. நாயாற்றுக்குப் பக்கத்தில் கடற்கரையில் வீடு, சொந்தப் படகு, நாற்பது வருடக் கடல்.

"காட்டுப்பக்கத்துப் பொடியன். கடல் தெரியாதவனுக்குப் பிள்ளையைக் குடுத்திட்டு நான் எப்பிடி நித்திரை கொள்ளுறது?" என்று கேட்டாராம். பிறகு, "ஒருக்கா வரச் சொல்லு. ஆளைப் பாத்திட்டு முடிவு சொல்லுறன்" என்றாராம்.

போவதற்கு நான் தேர்ந்தெடுத்த நாள், கிரகண நாள்.

"சும்மா வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ. அப்பாவுக்கு அது காணும்" என்று றெஜினா மன்றாடினார். நான் கேட்கவில்லை. கடல்காரருக்கு வானம் காட்டி அசத்திவிடுவது என்று முடிவுகட்டிவிட்டேன். கிரகணம் உச்சத்தில் நிற்கும் நேரத்தை இணையத்தில் கிறீனிச் கணக்கில் போட்டிருந்தார்கள். நம் நேரத்துக்கு மாற்ற ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். கூட்டினேன். ஒரு தரமல்ல, மூன்று தரம். பின்னேரம் நாலரை. 'நாலரைக்குக் கடலுக்கு மேல் சந்திரன் முழுச் சிவப்பாக நிற்கும்' என்று றெஜினாவிடம் சொல்லி அனுப்பினேன்.

நான் போய் இறங்கியபோது கரையில் முப்பது பேர் நின்றார்கள். பிள்ளைகளுக்குத் தலை இழுத்து, பவுடர் பூசிக் கூட்டி வந்திருந்தார்கள். சூசை ஐயா படகோரத்தில் நின்றார். மண்ணெண்ணெய்க்கு நாள்கணக்கில் வரிசையில் நின்ற வருடம் அது. நிலவு காலத்தில் மீன் குறைவுதான். ஆனால் எண்ணெய் கிடைத்த நாள்தான் கடலுக்குப் போகிற நாள். அன்று அவருக்கு எண்ணெய் கிடைத்திருந்தது. வலையை ஏற்றி வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார்.

"தம்பி, எத்தினை மணிக்கு எண்டு சொன்னனீர்?"

"நாலரைக்கு ஐயா."

"பின்னேரம் நாலரைக்கோ?"

"ஓம் ஐயா. முழுச் சிவப்பு."

அவர் திரும்பிச் சூரியனைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். "ம்" என்றார்.

"அப்பா 'ம்' எண்டு சொன்னாப் பயப்பிடோணும்" என்று றெஜினா பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்.

என் அளவைக் கருவியை மூன்று காலில் நிறுத்தி, கடலை நோக்கித் திருப்பி, திருகாணிகளைத் தேவைக்கு மேல் திருகினேன். நாலரை ஆனது. சந்திரன் இல்லை. நாலே முக்கால். இல்லை. வானம் நல்ல வெளிச்சமாக இருந்தது. அடிவானத்தில் மட்டும் ஒரு முகில் திட்டு.

"கடலோரத்தில ஈரப்பதன் கூட. அதாலதான் தெரியேல்ல" என்றேன். இது முதலாவது பொய். (சொல்லும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் வீட்டில் எண்ணுகிறார்கள்.)

கையைப் பிசைந்துகொண்டு குனிந்தபோதுதான் என் நிழலைக் கண்டேன். வெய்யில் முதுகில் அடிக்க, நிழல் என் காலடியில் தொடங்கிக் கடலைப் பார்த்து நீளமாகக் கிடந்தது. பூமியின் நிழலும் அதே பக்கம்தான் விழும். அந்த நிழலுக்குள் சந்திரன் நிற்பதென்றால் சூரியனுக்கு நேர் எதிரே நிற்க வேண்டும். சூரியன் இங்கே பனைக்கு மேலே நிற்கிறது. அப்படியென்றால் சந்திரன்?

சந்திரன் கடலுக்குக் கீழே.

கிரகணம் நடந்துகொண்டுதான் இருந்தது, நான் சொன்ன நேரத்துக்கே, முழுச் சிவப்பாக. நாங்கள்தான் பூமியின் பிழையான பக்கத்தில் நின்றோம். பறுவத்துச் சந்திரன் பொழுது படும்போதுதான் எழும்பும் என்பது அந்தக் கரையில் பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நேரத்தை மூன்று தரம் கூட்டிய எனக்கு அது ஒரு தரமும் தோன்றவில்லை. பொழுது பட இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அதற்குள் கிரகணம் முடிந்துவிடுமா, துண்டாவது மிஞ்சுமா? முடிகிற நேரத்தை மட்டையில் இடம் போதாதென்று நான் எழுதவில்லை. கைபேசியில் சிக்னலும் இல்லை.

"தம்பி, பிந்துதோ?" என்றார் சூசை ஐயா.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "கிரகணமெண்டால் சந்திரன் கொஞ்சம் பிந்தித்தான் வரும் ஐயா" என்று வந்தது. இரண்டாவது.

"ம்."

ஐந்து மணியானது. ஐந்தே காலானது. குழந்தைகள் சிணுங்கத் தொடங்கின. றெஜினாவின் தாயார் கேத்திலோடு வந்து எல்லோருக்கும் இரண்டாம் தரம் தேத்தண்ணீர் ஊற்றினார். சூசை ஐயா படகைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக நின்றார். அந்த வலை இந்நேரம் கடலில் இருந்திருக்க வேண்டும் என்பது எனக்கே விளங்கியது. வியர்வை காதுக்குப் பின்னால் ஓடியது. கருவியில் கண்ணை வைத்தேன், முகத்தை மறைக்க வேறு வழியில்லாமல்.

"ஏதும் தெரியுதோ?" என்று யாரோ கேட்டார்கள்.

"இஞ்ச... கொஞ்சம் தெரியுது" என்றேன். மூன்றாவது. இதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசும்.

"எங்க, நானும் பாப்பம்." சூசை ஐயா மணலில் கால் புதையப் புதைய நடந்து வந்தார். நான் விலகினேன். அவர் குனிந்து, ஒரு கண்ணைப் பொத்தி, மற்றக் கண்ணை வைத்தார். அதில் தெரிவது வெறும் தண்ணீர் என்பது எனக்குத் தெரியும். முப்பது பேரும் அவர் வாயைப் பார்த்தார்கள். றெஜினா கண்ணை மூடிக்கொண்டார். சூசை ஐயா வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"தம்பி, உண்மையாத் தெரிஞ்சதோ?"

"இல்லை ஐயா." என் குரல் எனக்கே கேட்கவில்லை. பிறகு எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். "ஒண்டும் தெரியேல்ல. நான் பிழை விட்டிட்டன். சந்திரன் இப்ப கடலுக்குக் கீழ நிக்குது. பொழுது பட்டாத்தான் வரும். அப்பவும் கிரகணம் மிஞ்சுமோ தெரியாது."

பிறகு பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் சொன்னார்: "அதைத்தானே நாங்களும் யோசிச்சனாங்கள். படிச்ச ஆக்கள் சொல்லேக்க, கிரகணத்துக்கு வெள்ளன எழும்புமாக்கும் எண்டு பேசாமல் நிண்டனாங்கள்."

சிரிப்பு வெடித்தது. சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள். சூசை ஐயா மட்டும் சிரிக்கவில்லை. நேரே படகடிக்குப் போனார். என் கலியாணம் முடிந்துவிட்டது என்று எனக்குப் பட்டது. அழுகை வந்தது, அதையும் ஈரப்பதன் என்று சொல்ல முடியாது.

"நிண்டு பாக்காமல் போய்த் தள்ளுங்கோ" என்றார் றெஜினா.

ஓடினேன். அலுவலகக் களிசானோடு படகுக்குத் தோள் கொடுத்தேன். எப்போது தள்ள வேண்டும், எப்போது விட வேண்டும் என்று தெரியாததால் படகு போனது, நான் விழுந்தேன். எழும்பி, இடுப்பளவு தண்ணீரில் உப்பைத் துப்பிக்கொண்டு நின்றேன். பொழுது பட்டிருந்தது. படகிலிருந்து ஒரு சத்தம்.

"சேவையர் தம்பி! எழும்பிட்டுது!"

முகில் திட்டுக்கு மேலே வந்திருந்தது. மேல் பக்கத்தில் ஒரு துண்டு இல்லை. யாரோ கடித்தெடுத்த மாதிரி, கருஞ்சிவப்பாக. நான் சந்தோஷத்தில் கத்திக் குழறினேன். கரையில் றெஜினா கை தட்டினார்.

"பறுவத்துச் சந்திரன் எத்தினை மணிக்கு எழும்புமெண்டு எனக்குத் தெரியாதோ?" என்றார் சூசை ஐயா படகில் நின்றபடி. "நீர் எத்தினை மணிக்கு ஒத்துக்கொள்ளுவீர் எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

"அப்ப முடிவு, ஐயா?"

"முதல் கரைக்கு ஏறும். நீந்தத் தெரியாதெண்டு பாக்கவே விளங்குது. விடிய வந்து கதைப்பம்." இஞ்சினை இழுத்தார்.

விடியக் கதைத்தார்கள். தை மாதம் கலியாணம். இன்றைக்கும் நான் பஸ் வருகிறது என்றாலும், சோறு வெந்துவிட்டது என்றாலும், வீட்டில் கேட்கிற முதல் கேள்வி "எழும்பிட்டுதோ?" என்பதுதான்.

கலியாணத்துக்கு நேரம் வைத்தவர் சூசை ஐயா, அதாவது மாமா. பின்னேரம் நாலரை என்று கார்ட்டில் அடித்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நாலரைக்கு நான் கோட்டுப் போட்டுக்கொண்டு மாதா கோயில் வாசலில் நின்றேன். ஐந்தாகியும் பெண்ணைக் காணவில்லை. ஐந்தரைக்குப் பூசை வைக்க வந்த சுவாமியார் மணிக்கூட்டைப் பார்த்தார். பொழுது படுகிற நேரத்தில்தான் பெண் வீட்டாரின் வான் வண்டி வந்தது. முதலில் இறங்கியவர் மாமா.

"சில்லு பங்சர் தம்பி" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

பின்னால் றெஜினா, சிவப்புக் கூறைச் சேலையில், சிரிப்பை அடக்க முடியாமல் இறங்கினார். அந்தச் சில்லை இன்றுவரை ஒருவரும் எனக்குக் காட்டவில்லை.