விஷமில்லாத மீனும் மாடியில்லாத படியும்

அலுவலகங்களில் மன அமைதி நிலவ வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. அதற்குப் பிரிவுக்கொரு மீன் தொட்டி அவசியம் என்று அதே சுற்றறிக்கை தெரிவித்தது. தலைமை எழுத்தரின் பிரிவுக்கு வாய்த்தது, பவளப்பாறை இடுக்கில் வாழும் உள்ளங்கையளவு சிங்கமீன். கோடுகோடாகப் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

முதுகு முள்ளில் விஷம் உண்டு, குத்தினால் கையை உடனே வெந்நீரில் வைக்க வேண்டும் என்று கடைக்காரர் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் படிவத்தில் 'ஆபத்தானதா?' என்ற கட்டத்தில் 'ஆம்' என்றால் பதினேழு இணைப்புகள் வைக்க வேண்டும். 'இல்லை' என்றால் ஒரு கையெழுத்து போதும். முப்பது வருஷமாக ஒரு கோப்பைக்கூடத் தேங்கவிட்டதில்லை என்று ஊரெல்லாம் அளந்துகொண்டிருந்த தலைமை எழுத்தர், கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' என்று எழுதினார்.

மூன்றாம் வாரம், தொட்டிக்குள் விழுந்த பேனா மூடியை எடுக்கக் கையை விட்டார். கை வீங்கிப் பூசணிக்காய் ஆனது. வலி தோள்வரை ஏறியது. தன் முட்டாள்தனத்தைத் தானே திட்டிக்கொண்டு, விடுப்பு விண்ணப்பத்தோடு அதிகாரி முன் நின்றார். ஓய்வுக்கு எட்டு மாதம்தான் பாக்கி. பொய்ச் சான்று கொடுத்தவர் என்று பெயர் வந்தால் வேலையே போய்விடும்.

அதிகாரி வலது கையை மேஜைக்கடியில் வைத்தபடியே கோப்பைப் புரட்டினார்.

"விஷம் இல்லைன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"ஆமா சார். ஆனா வலிக்குதே."

"அது உங்க சொந்த வலி. ஆபீஸ் வலி இல்லை. மாடிப்படியில வழுக்கி விழுந்தேன்னு எழுதுங்க."

"நம்ம ஆபீஸ்ல மாடியே இல்லையே, சார்."

"இதுவரைக்கும் நாலு பேர் விழுந்திருக்காங்க. ரெக்கார்டுல இருக்கு."

தலைமை எழுத்தரும் விழுந்தார். ஐந்து பேர் விழுந்த படியை உடனே மூட வேண்டும் என்பது விதி. அந்த ஆணையையும் அவரே இடது கையால், கோழி கிளறியதுபோல எழுதி நீட்டினார். அதிகாரியும் இடது கையாலேயே கையெழுத்திட்டார். காகிதம் கீழே விழ, எடுக்கக் குனிந்த தலைமை எழுத்தர் மேஜைக்கடியில் ஆவி பறக்கும் பேசினைப் பார்த்தார். அதிகாரியின் வலது கை மணிக்கட்டுவரை அதற்குள் இருந்தது.

"நீங்க எப்போ சார் விழுந்தீங்க?"

"காலையில," என்ற அதிகாரி, நாற்காலியைச் சற்று நகர்த்திக்கொண்டார். "உங்க கையையும் வைங்க. இடம் இருக்கு."

இருவரும் ஒரே பேசினில் கையை வைத்துக்கொண்டு கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருந்த தொட்டியைப் பார்த்தார்கள். சுற்றறிக்கை சொன்ன மன அமைதியோடு அங்கே இருந்தது மீன் மட்டும்தான்.