அப்பா பங்கருக்குள் இறங்கிய விபரம்

மண்டூர்,
14.06.1997

பேரன்பும் பெருமதிப்பும் பெருத்த வயிறும் கொண்ட லண்டன் வினாயகமூர்த்தி மாமாவுக்கு, மருமகன் குகதாசன் எழுதிக்கொள்வது. நாங்கள் இதுவரை சுகம். கடிதம் உங்கள் கைக்கு வரும்வரையும் சுகமாக வைத்திருக்கும்படி முருகனிடம் சொல்லியிருக்கிறேன்.

சகலருக்கும் அறியத்தருவது: சென்ற செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலேகாலுக்கு என் தகப்பனார் நல்லரத்தினம் அவர்கள், ஒருவரும் தள்ளாமல், ஒருவரும் இழுக்காமல், ஷெல்லுக்குப் பதுங்க எங்கள் வளவில் வெட்டிய பங்கருக்குள் தாமாகவே இறங்கினார்!

சிரிக்காதீர்கள் மாமா. சித்திரையில் ஷெல் வந்த அன்று அம்மாவும் தங்கச்சியும் நானும் உள்ளே பாய்ந்துவிட்டோம். கடைசியாக வந்த அப்பா வாசலில் இறுகிவிட்டார். கால் உள்ளே, தலை வெளியே, வயிறு இரண்டு பக்கமும் இல்லை. நாங்கள் போத்தலுக்குள், அப்பா மூடி. "இழு மனே, இழு!" என்று அம்மா கத்த, "காலை இழுகா, சாரனை விடுகா!" என்று மேலேயிருந்து அப்பா கத்த, ஷெல் வட்டைக்குள் விழுந்து வயல் சேறு முழுக்க அவர் முகத்தில். வாசலைப் பெருப்பிப்போம் என்றால் விடமாட்டார். "வாசல் பெருத்தா ஷெல் துண்டும் உள்ள வரும். நீங்க போங்க, நான் வெளிய நிக்கன்." அதற்குப் பிறகு ஷெல் வந்த இரண்டு தரமும் மாமரத்தடியில்தான் நின்றார்.

அப்போதுதான் உங்கள் போத்தல் வந்தது. பசியை அடக்குகிற, இன்னும் கடைக்கு வராத புதுக் குளிசை; ஆஸ்பத்திரியில் குண்டு ஆட்களைப் பிடித்துச் சோதிக்கிறார்கள், உங்களையும் பிடித்தார்கள். உங்களுக்கோ பசியைக் கைவிட மனமில்லை. "மச்சான் போடட்டும், அவர் சாப்பிடுறத எழுதி அனுப்பு, டொக்டர்மார் கேட்டா நான் அதப் பாத்துச் சொல்லுறன்" என்று எழுதிவிட்டீர்கள். ஆமிக்காரர் மருந்து ஆற்றைத் தாண்ட விடமாட்டார்கள் என்று காத்தான்குடி சாலிஹ் காக்கா சாரன் கட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்து தந்தார்.

ஆராய்ச்சியின் தலைவன் நான். முதல் நாள் அப்பா மூன்று கோப்பை சோறு. நாலாம் நாள் இரண்டு. ஒன்பதாம் நாள் இறால் குழம்பு மணந்தும் எழும்பவில்லை. அம்மா அகப்பையோடு நின்று, "என்ட கறியில என்ன குறை கண்டீங்க?" என்று அழுதுவிட்டா. நெல் மில் தராசில் ஏற்றினேன். மில்காரர் சீனித்தம்பி, "என்ன நல்லரத்தினம், உன்னையும் குத்தித் தவிட்டை எடுத்தாச்சா?" என்றார். பதினொரு கிலோ குறைவு மாமா, பதினொன்று! செவ்வாய்க்கிழமை முதல் வெடிச் சத்தம் கேட்டதுதான், அப்பா விலாங்கு மாதிரி வழுக்கி உள்ளே வந்து எங்கள் மூன்று பேருக்கும் மேலே இருந்தார். அம்மா அவர் வயிற்றைக் கட்டிக்கொண்டு, "வந்திட்டீங்களா" என்று மட்டும்தான் சொன்னா. இப்படி ஒரு விஞ்ஞானி ஆற்றுக்கு இந்தப் பக்கம் படுவான்கரையில் இருப்பதை உங்கள் டொக்டர்மாருக்குச் சொல்லுங்கள். படம் வேண்டுமென்றால் அனுப்புவேன்.

மாமிக்கு என் அன்பு. சின்னதுகளுக்கு ஆளுக்கொரு குட்டு.

இப்படிக்கு,
ஆராய்ச்சியாளர் ந. குகதாசன்

பி.கு.: மாமா, மேலே உள்ளதை டொக்டர்மாரிடம் கொடுத்துவிடாதீர்கள். அப்பா ஒரு குளிசையும் போடவில்லை. சோதனைக்கு மட்டும் என்று போத்தலில் எழுதிக் கிடந்ததால் முதலில் நான் ஒன்று போட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, நெஞ்சு தண்ணீர் மோட்டர் மாதிரி அடித்தது. இருப்பது ஒரே ஒரு அப்பா, அவரில் சோதிக்க மனம் வரவில்லை. மிச்சத்தை மண்ணுக்குள் தாட்டுவிட்டேன். உங்கள் குளிசை என்று அவருக்குக் கொடுத்தது குளுக்கோஸ் வில்லை. கோப்பைக் கணக்கு, மில், அம்மாவின் அழுகை எல்லாம் நான் கட்டிய கதை. அவர் வட்டைக்குப் போன நேரமெல்லாம் பங்கர் வாசலைக் கொஞ்சங் கொஞ்சமாக வெட்டி, ஷெல் துண்டு வராமல் முன்னால் மண்மூட்டையும் அடுக்கினேன். இறங்கியது மட்டும் சத்தியம். தான் மெலிந்துவிட்டதாக நினைத்து அந்தச் சந்தோசத்தில் இப்போது நாலு கோப்பை சாப்பிடுகிறார். ஆகவே அடுத்த முறை குளிசை வேண்டாம் மாமா, நல்ல மண்வெட்டி ஒன்று அனுப்புங்கள்.