காயாத்துணியாரும் பொன்னாடைகளும்

சேர்வராயன் மலையில் குடியிருக்கும் எல்லாருக்கும் ஒரே பிரார்த்தனைதான்: போட்ட துணி காய வேண்டும். நன்றாகக் காய்ந்த துணியைக் கொண்டுபோய்க் கொடியில் கட்டி, அது நனைய வேண்டுமே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர் உலகத்திலேயே ஒருவர்தான். ஏற்காட்டில் அவருக்குக் காயாத்துணியார் என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். யாருக்கும் அது தேவைப்படவில்லை.

பல்கலைக்கழகம் கீழே சமவெளியில் இருந்தது. மலைமேல் அதற்கு ஓர் ஆராய்ச்சி மையம்: ஒரு கூடம், ஒரு விடுதி, பின்னால் வரிசையாக சில்வர் ஓக் மரங்கள். அங்கே அவர் பேராசிரியர். நான் பத்தாவது படித்துவிட்டு அட்டெண்டராகச் சேர்ந்தவள். என்னதான் ஆராய்கிறார் என்று அவரிடம் கேட்பதற்கே எனக்கு ஒரு வருஷம் கூச்சமாக இருந்தது.

"பனியில எத்தன தண்ணி இருக்குதுன்னு பாக்கறேன் அம்மிணி," என்றார். "கோடையில கொடத்தத் தூக்கிட்டு அலையறீங்கல்ல? அந்தத் தண்ணி மாசக்கணக்கா உங்க தல மேலதான் போச்சு. புடிச்சு வெக்கத்தான் ஆளில்ல."

பிடிப்பதற்குத் துணி. இரண்டு மரங்களுக்கு நடுவே திரைபோலக் கட்டி, கீழே ஒரு தகரக் கால்வாய் வைத்து, அதன் முனையில் பாட்டில் வைப்பார். எந்தத் துணி அதிகம் பிடிக்கும் என்பதுதான் கேள்வி. வேட்டி, கொசுவலை, காப்பிக்கொட்டைச் சாக்கு, ஜன்னல் திரை எல்லாம் கொடியேறின. ஒருநாள் விடுதி வார்டனின் போர்வையும் ஏறியது. வார்டன் குளிரில் கையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"சார், என்ர போர்வைங்க."

"வேலையில இருக்குது. நாளைக்கு வாங்க."

எஸ்டேட்டுக்குப் போகும் பெண்கள் தினமும் அவரை ஒரு வார்த்தை சீண்டாமல் போகமாட்டார்கள். "ஏனுங்க சார், எங்க ஊட்டுத் துணி ஒரு வாரமா ஈரமாவே கெடக்குது. நீங்க ஈரம் வேணும்னு அழுவறீங்க. மாத்திக்கலாமுங்களா?" அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டு, "அது சோப்பு ஈரம். எனக்கு ஆகாது," என்பார்.

மலையிலேயே உள்ள வெள்ளக்கடை கிராமத்திலிருந்து ஒரு காவலாளி புதிதாக வந்து சேர்ந்தார். வந்த அன்றே பனி இறங்கியது. மலையில் பிறந்தவர்களுக்குப் பனியைக் கண்டால் கால் தானாகக் கொடிக்கு ஓடும். மனிதர் ஓடினார். அத்தனை துணியையும் அவிழ்த்து, விடுதி அடுப்பங்கரையில் காயவைத்து, மடித்து, பேராசிரியர் மேஜைமேல் அடுக்கிவிட்டுப் பாராட்டுக்காகக் காத்து நின்றார். அன்றைய ஆராய்ச்சி கதகதப்பாக மேஜைமேல் இருந்தது. காயாத்துணியார் மேலே இருந்த வேட்டியைத் தொட்டுப் பார்த்தார். "மடிப்பு நல்லா இருக்குது," என்றார். பிறகு வெளியே போய் மரங்களைப் பார்த்துக் கத்தினார். மறுநாள் அங்கே ஒரு பலகை தொங்கியது: தயவுசெய்து துணிகளைக் காப்பாற்றாதீர்கள். காவலாளியிடம் அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

எனக்கு அவர்மேல் கோபம் வந்ததில்லை. கோபமெல்லாம் அந்த விழாமேல்தான்.

மாணவர், ஆசிரியர் ஆராய்ச்சிக் கொண்டாட்டம் என்று வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் மையத்தில் நடத்துவார்கள். கீழே மழை ஓய்ந்து பனிக்காலம் பிறந்ததும் எல்லாருக்கும் ஆராய்ச்சிமேல் ஆசை வந்து மலையேறி வருவார்கள். கொண்டாடப்பட்டது யார் என்று என்னைக் கேட்க வேண்டும். பொன்னாடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு மேடையில் நிற்பது என் வேலை. மேடை என்றாலே கை வேர்க்கும் எனக்கு அந்த வேலைதான் வாய்த்தது. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. ஏரியைப் பார்க்க அவரோடு வந்த நண்பருக்குப் பொன்னாடை. பந்தல்காரரின் மைத்துனருக்குக்கூட ஒரு வருஷம் பொன்னாடை, அவர் என்ன கண்டுபிடித்தார் என்பது இன்றுவரை தெரியாது. மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று ஆராய்ந்த பிள்ளைகளைக் கடைசியில் கும்பலாக நிறுத்தி ஒரு போட்டோ எடுப்பார்கள். அதிலும் பாதிப் பிள்ளைகளை விருந்தினர்கள் மறைத்து நிற்பார்கள்.

ஒரு வருஷம் தவறிப்போய்க் காயாத்துணியாருக்கும் ஒரு பொன்னாடை விழுந்தது. அவர் அதை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து மைக்கில் சொன்னார்: "நைலான். அதுலயும் சல்லடை மாதிரி நெசவு. குளுருக்கும் ஆகாது, தொடைக்கவும் ஆகாது. இது எதுக்குத்தான் ஆகுமுங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தவள் எஸ்தர். தலைச்சோலை கிராமத்துப் பெண், அவரிடம் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்த மாணவி. அப்பா இல்லை. அம்மா காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவர். எஸ்தர் அந்தப் பொன்னாடையைச் சும்மா மரத்தில் கட்டிவைத்தாள். விடிந்து பார்த்தால் பாட்டில் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தடித்த துணி தண்ணீரைத் தானே குடித்துவிடுகிறது, இந்த ஓட்டை நைலான் சொட்டுச் சொட்டாகக் கீழே விட்டுவிடுகிறது. இதைச் சந்தேகமில்லாமல் நிரூபிக்க அவள் இரண்டு பனிக்காலம் பாடுபட்டாள். பொன்னாடை என்றாலே முகத்தைச் சுளித்த காயாத்துணியாரோ, அதற்குப்பின் கல்யாணம், கட்சிக்கூட்டம், கடைத்திறப்பு என்று எங்கே போனாலும் யார் தோளில் என்ன கிடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். "உங்களுக்கு அது வேணுமுங்களா?" என்று நேராகவே கேட்பார்.

அது முடிந்தபின் வந்த விழாவில் எஸ்தர் பேசுவதாக முடிவாயிற்று. காயாத்துணியார் தலைச்சோலைக்குத் தானே போய் அவள் அம்மாவிடம் சொன்னார்: "உங்க புள்ள மேடையில பேசப் போறா. நீங்க வந்து கேக்கோணும்." பழம் பழுத்து உதிர்கிற சமயம். அந்த அம்மா தோட்டத்துக் கணக்கு எழுதும் ரைட்டரிடம் கெஞ்சி லீவு வாங்கி, கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

சிறப்பு விருந்தினர் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. அடிவாரம் தாண்டியதிலிருந்து ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவருக்குக் குமட்டியதாம். மத்தியானத்துக்குமேல் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். வரவேற்புரை, பொன்னாடை, வாழ்த்துரை, மறுபடியும் பொன்னாடை. ஆராய்ச்சியின் அவசியத்தைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். ஆராய்ச்சி செய்தவள் சுருட்டிய விளக்கப்படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மேடைக்குக் கீழே நின்றாள். கடைசியில் மையத்தின் இயக்குநர் மைக்கைப் பிடித்து, நேரமின்மையால் மாணவி தன் ஆய்வை எழுத்தில் சமர்ப்பிப்பார், இப்போது நன்றியுரை என்றார்.

தட்டோடு கீழே இறங்கிய என் முந்தானையை எஸ்தரின் அம்மா பிடித்தார். "முடிஞ்சுதுங்களா கண்ணு? எங்க எஸ்தரு எப்பங்க பேசுவா?"

தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நேரம் இல்லையாம். பந்தல்காரர் மைத்துனருக்குப் போர்த்த நேரம் இருந்ததே.

காயாத்துணியார் எழுந்தார். "அம்மிணி, தட்டக் கொண்டா," என்று என்னையும் மேடைக்கு இழுத்துக்கொண்டு போனார். சிறப்பு விருந்தினர் முன்னால் நின்று, "கொஞ்சம் தேவைப்படுதுங்க," என்று அவர் தோளிலிருந்த பொன்னாடையை உருவித் தட்டில் போட்டார். பாவம், அவர் அதுவும் இந்த ஊர்ச் சடங்கு என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொடுத்தார். அவரைப் பார்த்து அடுத்தவரும் குனிந்தார். இயக்குநர் மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"சார், என்ன பண்றீங்க? விடுங்க."

"நீங்க விடுங்க. ஜரிகை பிரியுது."

எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பின்பக்கம் போய்ச் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே கட்டினார். பனி இறங்கிக்கொண்டிருந்தது. பொன்னாடைக்குப் பின்னால் பிரமுகர்கள் வந்தார்கள், பிரமுகர்களுக்குப் பின்னால் கூட்டம் வந்தது, கூட்டத்தைத் தேடி டீயும் வந்துவிட்டது.

"இப்ப பேசு கண்ணு," என்றார்.

மைக் இல்லாமல் எஸ்தர் பேசினாள். முதலில் பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டும்தான் கேட்டது. பிறகு கால்வாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கத் தொடங்கியது, அவள் குரலும் நிமிர்ந்தது. சிறப்பு விருந்தினர் எலுமிச்சம்பழத்தை மறந்துவிட்டு, "கோடையிலயும் இது கெடைக்குமா?" என்று கேட்டார். "கோடையில பனி கொறவுங்க. இப்பவே புடிச்சுச் சேத்து வெக்கோணும்," என்றாள். நான் தட்டேந்திய விழாக்களில் ஆராய்ச்சியைப் பற்றி ஒருவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

பனி அடர்ந்தது. மகள் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்த அம்மாவின் கால்கள் தாமாகவே கொடிக்கு நடந்தன. சிறப்பு விருந்தினரின் பொன்னாடையை அவிழ்த்து, உதறி, மடிக்க ஆரம்பித்தார். "நல்ல துணி. நனையுதுங்களே," என்றார்.

எஸ்தர் பேச்சை நிறுத்திவிட்டாள். காவலாளி கண்ணை மூடிக்கொண்டார். காயாத்துணியார் கிட்டே போனார். அம்மாவின் கையிலிருந்த துணியை வாங்கி என்னிடம் நீட்டினார்.

"அம்மிணி, அவங்களுக்கு நீ போத்தி உடு."

அத்தனை வருஷம் பொன்னாடை தூக்கியவள், அன்றுதான் ஒருவருக்குப் போர்த்தினேன். ஈரமாகத்தான் இருந்தது. அந்த அம்மா அதை எடுக்கவிடாமல் அப்படியே பஸ் ஏறினார்.

மேடை ஒழுங்கைக் குலைத்தார் என்று அந்தப் பருவம் முடிவதற்குள் காயாத்துணியாரைச் சமவெளிக்கு மாற்றிவிட்டார்கள். பனியை ஆராய்கிறவரை, பனியே இறங்காத ஊருக்கு. ஒழுங்கு என்றால் என்ன என்று அவர்களை நான் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது, அதனால் இங்கே கேட்கிறேன். எஸ்தர் இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். விழா இன்னும் நடக்கிறது.

இன்றும் பனி இறங்கினால் எங்கள் தெரு முழுக்கக் கொடிக்கு ஓடும். நானும் ஓடி எல்லாத் துணியையும் எடுப்பேன். ஒன்றை மட்டும் கொடியிலேயே விட்டுவிட்டு வருவேன்.