வெறும் அட்டைக்குள் ஏழு பிசாசுகள்

இன்னும் கொஞ்சம் கிட்டே வாருங்கள், கண்ணுகளா. காபி ஆறினால் ஆறட்டும். ஒரே ஆள் ஏழு பிசாசுகளைப் பிடித்த கதையைச் சொல்கிறேன். பிடித்த இடம்தான் வேடிக்கை.

பிரேசில் நாட்டுப் பெலோ ஒரிசோந்தி நகரில் எங்கள் மேட்டுத் தெருப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து ஓர் இசைத்தட்டு போட்டார்கள். பெயர் ‘காலிப் பீடம்’. வகை டெத் மெட்டல், அதாவது ‘சாவு’ என்று பெயர் வைத்த உறுமல் இசை. செத்தது என்னவோ அக்கம்பக்கத்தாரின் மதியத் தூக்கம் மட்டும்தான். சொர்க்கத்தை விற்கிறவனிடம் சாவியைக் காட்டச் சொல் என்று எட்டுப் பாட்டிலும் உறுமியிருந்தார்கள். டிரம் அடித்தவன் திர்சேவு. பகலில் ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவன்.

ஜுரேமாவின் இசைத்தட்டுக் கடையில் ஒரு நோட்டு நூலில் கட்டித் தொங்கும். கேட்டவர்கள் கருத்தை எழுதிப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடலாம். அந்த வாரம் நோட்டு நிரம்பி வழிந்தது.

“குரல் அடைத்துக்கொண்ட சாக்கடை மாதிரி. அருமை. ஒன்பது.”

“கேட்டதிலிருந்து என் கோழி முட்டை போடவில்லை. பூஜ்யம்.”

“தாளம் நன்று. வரிகளில் உடன்பாடில்லை. ஆறு. இப்படிக்கு, கோவில் மணி அடிப்பவர்.”

“எங்கள் வீட்டில் தட்டு ஓட்டும் பெட்டி இல்லை. அட்டைப் படத்தைப் பார்த்தே நடுங்கிவிட்டேன். பத்துக்குப் பத்து.”

இந்தக் கடைசி ஆளை மறந்துவிடாதீர்கள். அவருக்கு ஊரெல்லாம் சொந்தக்காரர்கள்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் சகோதரர் அஜெனோர். வெள்ளைக் கோட்டு, வெள்ளை வேன். இசைத்தட்டில் ஏறிய பிசாசைத் தொட்டே கண்டுபிடிப்பாராம். தொடுவார், கையை உதறுவார், விழுவார், எத்தனை பிசாசு என்று சொல்வார். அந்தத் தட்டு ஓடிய வீட்டில் ரேடியோவுக்கும் தீட்டு, மிக்சிக்கும் தீட்டு. எல்லாவற்றையும் ஆற்றில் கழுவ வேனில் ஏற்றிக்கொண்டு போவார். எந்த ஆறு என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. போனது ஒன்றும் திரும்பி வரவில்லை. அவ்வளவு அழுக்கு போலிருக்கிறது!

திர்சேவின் அம்மா சுல்மீரா பயந்தே போனாள். படி ஏறாதே என்று மகனை விரட்டிவிட்டாள். மூன்று வாரமாக அவன் ரொட்டிக் கடையில் மாவு மூட்டை மேல் படுத்துக் கிடந்தான். ஞாயிற்றுக்கிழமை அவனுடைய டிரம்மும் வேனில் ஏறுவதாக முடிவாயிற்று.

சனிக்கிழமை அவள் ஜுரேமாவிடம் வந்து அழுதாள். “தொட்டாலே அவருக்குத் தெரிஞ்சிடுதே, ஜுரேமா! அப்ப நெசந்தானே?”

“தட்டைத் தொட்டுத் தெரியுதா, அட்டையைப் பார்த்துத் தெரியுதா? அதை மட்டும் பாத்துட்டு டிரம்மைக் குடுங்கக்கா. இந்தாங்க உங்க மகன் தட்டு. இந்தப் பக்திப் பாட்டு அட்டைக்குள்ள உங்க கையாலயே போடுங்க.”

“பாவமில்லையாடி?”

“அட்டைக்கு என்னக்கா பாவம்? போடுங்க.”

சுல்மீரா கண்ணை இறுக மூடிக்கொண்டு போட்டாள்.

மறுநாள் பூசை முடிந்ததும், ஜுரேமா அழைத்திருந்த அஜெனோர் பிசாசு பிடிப்பதைப் பார்க்கக் கூட்டம் கடைக்குள் பிதுங்கியது. எங்கள் ஊர்க் கடைகளில் சுவரில் மாட்டிய அட்டைகளெல்லாம் காலி; களவு போகாமலிருக்கத் தட்டுகள் உள்ளறையில் இருக்கும். தட்டு வாங்குகிற எவனுக்கும் இது தெரியும். அஜெனோர் ஒன்றாவது வாங்கியிருந்தால்தானே!

‘காலிப் பீடம்’ அட்டையைத் தொட்டார். கையை உதறினார். பொத்தென்று விழுந்தார். “ஏழு! உள்ள ஏழு பேரு சுத்துறானுங்க!”

ஜுரேமா அட்டையைக் கவிழ்த்து ஆட்டினாள். காற்றுதான் விழுந்தது. “தட்டு உள்ளறையில இருக்கு, சகோதரரே. இங்க யாரு சுத்துறது?”

அஜெனோர் லேசுப்பட்டவரா? “படத்துலயே குடியிருக்கானுங்க!” என்றார். “ஆமென்!” என்றது கூட்டம்.

“ஐயோ, களைச்சிட்டீங்க. இந்தப் பக்திப் பாட்டைக் கொஞ்சம் நெஞ்சோட வெச்சுக்குங்க.”

வாங்கினார். அணைத்தார். முத்தமிட்டார். “ஆகா! தேவதூதன் சிறகால விசிறுறான். இந்தத் தட்டு ஓடுற வீட்டுப் பக்கம் பிசாசு தலைவெச்சும் படுக்காது!”

சுல்மீரா வாயைத் திறக்கப் போனாள். ஜுரேமா கண்ணாலேயே அவளை அடக்கினாள்.

“அப்ப போட்டுடலாமா?”

“போடும்மா! ஊரே கேக்கட்டும்!”

சுல்மீராவே அட்டையை வாங்கித் தட்டை எடுத்து வைத்து, ஊசியை இறக்கினாள்.

தேவதூதர் உறுமினார். அலமாரிக் கண்ணாடி கடகடவென்று ஆடியது. கோழிக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

சுல்மீரா மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். “பீன்ஸ் வேகுறதுக்குள்ள என் பானை மூடியில தட்டுவானே... அதே தாளம்டி!” என்றாள். பிறகு அஜெனோர் பக்கம் திரும்பினாள். “நான் போட்ட தட்டுய்யா அது! என் கையால போட்டது! அதையா முத்தம் குடுத்தே? என் புள்ளைய மூணு வாரம் மாவு மூட்டையில படுக்க வெச்சிட்டியே, பாவி!”

“பிசாசு... வேஷம் மாத்தி...”

“உன்னை மாதிரியா?” என்றார் கோவில் மணி அடிப்பவர். வேன் பக்கம் ஓடியவரை மறித்துக் கதவைத் திறந்தவரும் அவர்தான். உள்ளே ரேடியோக்கள், மிக்சிகள். ஈரம் ஒரு சொட்டு இல்லை. அடுத்த ஊர்ப் பழைய சாமான் கடை ஒன்றின் முகவரி மட்டும் எல்லாவற்றிலும் ஒட்டியிருந்தது.

சுல்மீரா ரொட்டிக் கடைக்கு ஓடி, மாவு அப்பிய மகனை வீட்டுக்கு இழுத்துவந்தாள். சாயங்காலம் நோட்டில் எழுதினாள்: “சத்தம் தாங்கவில்லை. கடவுளை அப்படிப் பேசியிருக்க வேண்டாம். டிரம் என் மகன். ஏழு.”

பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்றுதான் எழுதினாள். ஆனால் கேட்டுவிட்டு எழுதினாள், கண்ணுகளா. அட்டையைக் காட்டி அழவைக்க வருகிறவனிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். தலை தொப்பி மாட்ட மட்டும் இல்லை.

உங்கள் வீட்டு அடுப்பில் ரொட்டி உப்பி வரட்டும். உங்கள் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டே வீடு வந்து சேரட்டும். எந்த வெள்ளை வேனும் உங்கள் வாசலில் நிற்காமலே போகட்டும்.