செயலருக்கு வாய்க்காத வேடம்

கல்லூரி வாசலில் செயலரை யாரும் தடுக்கவில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

தடுத்தால் என்ன சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்துவைத்திருந்தார். மகனுக்கு இடம் கேட்க வந்த தகப்பன் என்று சொல்லி உள்ளே நுழைவது, ஆய்வகம், நூலகம், விடுதி எல்லாவற்றையும் ஒரு சுற்று சுற்றுவது, கடைசியில் முதல்வர் அறைக்குப் போய்த் தான் யாரென்று சொல்வது, இதுதான் திட்டம். உயர்கல்வி ஒழுங்குமுறை ஆணையத்தின் செயலர் என்று கேட்டதும் முதல்வர் நாற்காலியிலிருந்து பதறி எழும் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு பலமுறை பார்த்து ரசித்தாகிவிட்டது.

அந்தக் கல்லூரியின் அங்கீகாரம் இந்த ஆண்டோடு முடிகிறது. நீட்டிக்கலாமா வேண்டாமா என்று பார்க்க அடுத்த வாரம் குழு வரும் என்று ஆணையம் முறைப்படி சொல்லியிருந்தது. சொல்லிவிட்டுப் போனால் வெள்ளையடித்த சுவரைத்தான் பார்க்க முடியும். அதனால் செயலர் சொல்லாமல் கொள்ளாமல் தனியாகக் கிளம்பிவிட்டார். சாயம் போன சட்டை, ரப்பர் செருப்பு. ஆபீஸ் கார் வேண்டாம் என்றுவிட்டார். மனைவியிடம் ஆபீசுக்குப் போவதாகச் சொன்னார். உதவியாளரிடம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தார்: "யார் கேட்டாலும் நான் ரூம்லதான் இருக்கேன். மீட்டிங். எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் லைன் குடுக்காதே."

பதவிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. இன்னமும் ஆபீஸ் லிஃப்டில் யாராவது, "மூணாவது மாடி அமுக்குங்க" என்றால், அமுக்கிய பிறகுதான் தான் செயலர் என்பது அவருக்கு நினைவுவரும். இந்த ஒரு ஆய்வு அதையெல்லாம் சரிசெய்துவிடும் என்று நம்பினார்.

வாசலைத் தாண்டி நாலடி வைத்ததும் கழுத்தில் விசில் தொங்கிய ஒருவர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்கண்ணே. உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்திருக்கோம்."

செயலருக்குத் தூக்கிவாரிப்போட்டது. விஷயம் எப்படிக் கசிந்தது?

"நான் வர்றது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாங்கதானே கூப்பிட்டோம்? ஆபீசர் வேஷத்துக்கு ஆள் அனுப்புறோம்னு நாடகக் குழுவுல சொன்னாங்க. நடங்க, பிள்ளைங்களுக்குப் பசி வந்துடும்."

அவர் கல்லூரியின் நாடக ஆசிரியர். கலையரங்கம் வரை கையை விடவில்லை. உள்ளே மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் மூக்குக் கண்ணாடியுடன் முதல்வர் அம்மா நின்றிருந்தார்.

"அடுத்த வாரம் ஆணையத்துல இருந்து குழுவோட செயலர் வர்றார்" என்று அவர் விளக்கினார். "வந்து நின்னதும் யாரும் உளறிக் கொட்டக் கூடாதில்ல? அதான் ஒத்திகை. நீங்கதான் செயலர். கேள்வி கேளுங்க, இவங்க பதில் சொல்லுவாங்க."

உண்மையைச் சொல்லிவிடத்தான் செயலர் வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். இது தேடிப் போனாலும் கிடைக்காத வாய்ப்பு. நடிகன் என்று நினைத்தால் தங்கள் தில்லுமுல்லுகளைத் தாங்களே தட்டில் வைத்து நீட்டப்போகிறார்கள். பேசாமல் நடித்துவிட்டுப் போய், நாளைக்கே அறிக்கையில் கிழித்துத் தொங்கவிடலாம்.

"சரிம்மா. எங்கேருந்து ஆரம்பிக்கணும்?"

"வாசல்லேருந்து நடந்து வாங்க."

செயலர் நடந்து வந்தார். பாதி வழியில் விசில் ஊதியது.

"அண்ணே, இது ஆபீசர் நடையா? கரண்ட் பில் கட்ட வந்தவர் மாதிரி இருக்கு. திரும்பப் போங்க."

திரும்பப் போனார். இந்த முறை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார்.

"இப்ப கரண்ட் பில் கட்டிட்டுச் சில்லறை வாங்க மறந்தவர் மாதிரி இருக்கு."

மாணவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். செயலர் பேச்சை மாற்றப் பார்த்தார்.

"நடை இருக்கட்டும் தம்பி. ஆய்வகத்துக்குப் போவோமா? அங்க நின்னா எனக்குத் தானா நடிப்பு வரும்."

"அது ரெண்டாவது காட்சி. முதல் காட்சியே இன்னும் உருப்படல."

"நூலகம்?"

"மூணாவது காட்சி."

முதல்வர் அம்மா மேடையிலிருந்து இறங்கி வந்தார். "கோவிச்சுக்காதீங்க. அந்த ஆளைப் பத்தி நாங்க விசாரிச்சு வச்சிருக்கோம். உங்களுக்கு உதவியா இருக்கும். அவர் அறிக்கையில என்ன எழுதியிருக்குன்னு பாக்க மாட்டாராம். கமா எங்க இருக்குன்னுதான் பாப்பாராம். ஆபீஸ்ல அவருக்குப் பேரே 'கமா'தானாம்."

தனக்கு ஒரு பட்டப்பெயர் இருப்பது செயலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"யார் சொன்னாங்க அப்படி?"

"எல்லாரும்தான். கமா போடுற முகம் எப்படி இருக்கும்னு கொஞ்சம் யோசிங்க. அதைக் கொண்டுவாங்க."

செயலர் எதையும் கொண்டுவரவில்லை. ஆனால் அவர் முகம் இருந்த இருப்பைப் பார்த்து நாடக ஆசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அதிகாரம் வரணும்ணே. உங்களுக்கு அழுகைதான் வருது."

பொறுத்தது போதும் என்று தோன்றியது செயலருக்கு. ஆதாரமாவது ஒன்றாவது. சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினார்.

"நான் நடிகன் இல்ல. நான்தான் செயலர்."

முதல்வர் அம்மா அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாத்தீங்களா, அட்டை எல்லாம் அடிச்சுக் கொண்டுவந்திருக்கார். உழைப்பைக் குறை சொல்ல முடியாது."

"ஆனா போட்டோ இவர் மாதிரியே இல்ல" என்றார் நாடக ஆசிரியர்.

"அது ஆறேழு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது."

"அப்பவும் இவ்வளவு சாந்தமாவா இருந்தீங்க?"

செயலர் கைபேசியை எடுத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி ஆபீசுக்குப் போட்டார். புது சிம் எண் என்பதால் உதவியாளருக்கு ஆள் யாரென்று தெரியவில்லை. இதுவும் ரகசியத்துக்காகச் செய்த ஏற்பாடுதான்.

"தம்பி, நான் செயலர் பேசறேன்."

"செயலர் ஐயா மீட்டிங்ல இருக்காரு. அப்புறம் கூப்பிடுங்க."

"மீட்டிங்ல இல்லப்பா. நான்தான் பேசறேன். என் குரல் தெரியல?"

"ஐயா குரல் எனக்குத் தெரியாதா? அதோ, கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்திருக்காரு. இப்பக்கூட என்னைப் பாத்துத் தலையாட்டுறாரு. வேலையைப் பாருங்க சார்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அப்படி ஒரு விசுவாசம் உதவியாளரிடம் இருக்கும் என்று செயலர் எதிர்பார்த்ததே இல்லை. வேறொரு நாளாக இருந்தால் நெகிழ்ந்துபோயிருப்பார்.

மீதி இருந்தது வீடு ஒன்றுதான். மனைவி முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"நான்தான் பேசறேன். இங்க ஒரு காலேஜ்ல இருக்கேன். நான் யாருன்னு இவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லு."

"காலேஜா? ஆபீசுக்குப் போறேன்னுதானே சொல்லிட்டுப் போனீங்க? இது யாரு நம்பர்? காலங்காத்தால பழைய சட்டையத் தேடும்போதே நினைச்சேன். யாருகிட்ட என்ன நாடகம் ஆடறீங்க நீங்க?"

அரங்கம் முழுவதும் கைதட்டியது.

"வீட்டுலயே ஒத்துக்கிட்டாங்க" என்றார் நாடக ஆசிரியர். செயலர் போனை அணைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். தான்தான் தான் என்பதை நிரூபிக்க வேறு என்ன இருக்கிறது என்று யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை.

முதல்வர் அம்மா பின்வரிசையைப் பார்த்துக் கையசைத்தார். விடுதிச் சமையல்காரர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே எழுந்து வெளியே போனார். பிறகு வாசல் வழியாக உள்ளே வந்தார். அவசரமே இல்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. நடு வழியில் நின்று, சுவரில் எங்கோ ஓரிடத்தை உற்றுப் பார்த்து, "ம்" என்றார். அவ்வளவுதான்.

யாரும் சொல்லாமலே மாணவர்கள் எழுந்து நின்றார்கள். செயலரும் எழுந்து நின்றிருந்தார். அது அவருக்கே சற்றுப் பிறகுதான் தெரிந்தது.

வாசல்வரை முதல்வர் அம்மாவே வந்து வழியனுப்பினார். குடிக்கக் காப்பியும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் கொடுத்தார்.

"மனசைத் தளர விடாதீங்க. உங்களுக்குன்னு ஒரு வேஷம் இல்லாமலா போயிடும்? ஆபீசருக்குக் கார் கதவு திறக்க ஒரு ஆள் வேணும். அது உங்களுக்கு அப்படியே பொருந்தும்."

"யோசிச்சுச் சொல்றேன்மா" என்றார் செயலர். அப்படிச் சொன்னதற்காகப் பஸ்ஸில் வழி நெடுக வெட்கப்பட்டார்.

மறுநாள் காலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அறிக்கை எழுத உட்கார்ந்தார். நடந்ததை நடந்தபடி எழுதினால், 'நான் நானில்லை என்று முதல்வர் கருதினார்' என்று ஒரு வரி வரவேண்டியிருந்தது. அதை ஆணையம் முழுக்கப் படிக்கும். எழுதாமல் விட்டால் எழுத வேறு எதுவுமில்லை. அவர் பார்த்ததெல்லாம் ஒரு கலையரங்கமும் ஒரு சமையல்காரரும்தான். சரி, அடுத்த வாரம் குழுவோடு போய் ஒரு கை பார்க்கலாமா? போகலாம்தான். கார் கதவு திறக்கும்போதே அந்த அம்மா அடையாளம் கண்டுகொள்வார். விசில்காரர் கண்டுகொள்வார். அத்தனை மாணவர்களும் கண்டுகொள்வார்கள். கூட வரும் குழுவினர், இவர்களுக்கு உங்களை எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

மதியம்வரை எழுதி எழுதிக் கிழித்தார். கடைசியில் ஒரே பத்தியில் முடித்தார்: முன்னறிவிப்பின்றி நேரில் சென்று பார்த்ததில் முழுத் திருப்தி. குழு செல்லத் தேவையில்லை. அங்கீகாரத்தை நீட்டிக்கலாம். ஒரு கமாகூடப் போடவில்லை.

தலைவர் அம்மாவின் கையெழுத்து வேண்டும். ஆணையத்தின் தலைவராவதற்கு முன் அவர் இதே செயலர் பதவியில் பல வருடம் இருந்தவர். அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அறிக்கையை மெதுவாகப் படித்தார். செயலர் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆய்வகம் எப்படி இருந்தது?"

"நல்லா இருந்ததும்மா."

"நூலகம்?"

"அதுவும்தான்."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடினார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நான் செயலரா இருந்தப்போ நானும் இதே காலேஜுக்குச் சொல்லாமத்தான் போனேன். எனக்குக் குரல் பத்தலன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. உங்களுக்கு என்ன பத்தலன்னு சொன்னாங்க?"